கண்ணாடிக்காரர் மானம் கப்பலேறிய கதை

கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முடிவுக்கு வருவது அவருக்குப் புதிதல்ல. வாரத்தில் நாலைந்து முடிவுகளுக்காவது வந்துவிடுவார். அவற்றில் எதுவும் சமையலறை வாசலைத் தாண்டி உயிரோடு வெளியே போனதில்லை, அவ்வளவுதான்.

இந்த முடிவு அப்படிப் போகாது என்று அவர் நம்பினார். கப்பலில் இருக்கும் நாளெல்லாம் அவர் மேல்தளத்தில், சாய்வு நாற்காலியில், மல்லாந்து கிடப்பார். யாரும் வந்து "ஏங்க" என்று கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவர் இருக்கிற இடத்துக்கு அது எட்டாது. இதுதான் முடிவு.

கடைத்தெருவில் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நின்றபடியே இருப்பார். வருகிறவர்களை எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லி, கண்ணில் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்டுக் கேட்டே அவருக்குக் கால் வீங்கிவிடும். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்து அனுப்பும் மனிதருக்குத் தன் மூக்குக்குக் கீழே நடப்பது தெரியாது என்பது அவர் மனைவியின் கட்சி. மூக்குக்குக் கீழே இருப்பது வாய், அதைத் திறக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சனை தீரும் என்பதும் அதே கட்சியின் கொள்கைதான்.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், எது வரவே வராது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அந்தக் குரல் ஏறாது, இறங்காது. வீட்டிலும் அதே குரல்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் சரி, குழாய் பிய்த்துக்கொண்டு வீடு குளமானாலும் சரி, நிதானமாக அறிவிப்பாள். அவள் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே கண்ணாடிக்காரருக்கு அவளிடம் பயம். கத்துகிற மனைவியாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அறிவிப்புக்கு என்ன பதில் சொல்வது? வண்டி தாமதம் என்றால் தாமதம்தான்.

இவர்களுக்கு ஒரே மகள். மூன்று வயது முடியப்போகிறது. குழந்தைக்கு வர வேண்டியது வரும்போது ஓடிப்போய்க் கதவு மூலையில் நின்றுகொள்ளும், முகம் ஜிவ்வென்று சிவந்துவிடும். அதனால் வீட்டில் அவள் பெயர் தக்காளி.

மனைவியின் அலுவலகத்தில் நடந்த குலுக்கலில் குடும்பத்தோடு கப்பல் பயணம் பரிசாக விழுந்தது. டிக்கெட்டோடு கப்பலின் விதிமுறைகள் அடங்கிய சிறு புத்தகம் ஒன்றும் வந்தது. ஒரு சாயந்திரம் மனைவி அதை எடுத்துவைத்துக்கொண்டு தன் தொழில் குரலிலேயே வாசிக்க ஆரம்பித்தாள். உயிர்காப்புப் படகு, சாப்பாட்டு நேரம் எல்லாம் தாண்டி நீச்சல் குளத்துக்கு வந்தபோதுதான் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டயப்பர் போட்ட குழந்தைங்க குளத்துல இறங்கக் கூடாதாம். தண்ணிக்குன்னே தனியா விக்கிற டயப்பரா இருந்தாலும் கூடாதாம். வந்தா தானா சொல்லி, போயிட்டு வரப் பழகின குழந்தைங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

பழகாத குழந்தைகள் என்ன செய்யும் என்று அவர் கேட்டார். அதற்குச் சாரல் மேடை என்று தனியாக ஒன்று இருக்கிறதாம். தரையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்குமாம். தேங்குவது கணுக்கால் அளவுதானாம். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டுமாம்.

மனைவி புத்தகத்துக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "கணுக்கால் அளவுன்னா நீங்களே போதும்."

அவருக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கு மீன் மாதிரி நீந்த வரும். ஆழத்துக்கு அவள், கணுக்காலுக்கு அவர் என்று அந்த ஒரு வரியிலேயே வேலை பிரிக்கப்பட்டுவிட்டது. அவள் அடுத்த விதியை வாசிக்கத் தொடங்கும்போது கடைப் பையன் ஃபோன் செய்தான். யாரோ கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். கண்ணாடிக்காரர் பேசப் போய்விட்டார். மிச்ச விதிகளை அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது.

கணக்கு இதுதான். தக்காளி பழகாமலே கப்பல் ஏறினால் சாரல் மேடை. சாரல் மேடை என்றால் அவர். பழகிவிட்டால் பெரிய குளம். பெரிய குளம் என்றால் நீச்சல் தெரிந்தவர் வேண்டும், அதாவது மனைவி. தாயும் மகளும் தண்ணீரில், அவர் மேல்தளத்தில். ஆக, கப்பல் புறப்படுவதற்குள் குழந்தையைப் பழக்கிவிட வேண்டும். தன் சொகுசுக்காக என்று வெளியே தெரியவும் கூடாது. பாசத்துக்காக என்று தெரிய வேண்டும்.

மறுநாளே மனைவியிடம் போய், இனிமேல் தக்காளியைப் பழக்குகிற பொறுப்பு தன்னுடையது, தகப்பன் என்று இருந்தால் இதைக்கூடச் செய்ய வேண்டாமா என்று கேட்டார். அவள் நல்லது என்று மட்டும் சொன்னாள். இவ்வளவு சுலபமாக ஒரு சம்மதம் கிடைத்தால் வேறு எந்தக் கணவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் நீச்சல் கால்சட்டைக்கு அளவு கொடுக்கப் போனவர், வயிற்றை எக்கிக்கொண்டே, கடையில் பாட்டி ஒன்று வாங்கிவிட்டதாகச் சொன்னார். தையல்காரர் அளவு நாடாவை இறக்கினார்.

"பாட்டியை வாங்குறதா? கூட்டிட்டுத்தானே வருவாங்க?"

குழந்தை உட்கார்ந்து போகிற பிளாஸ்டிக் பாட்டி என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்க ஆரம்பித்தவர், எதற்காகப் பழக்குகிறார், மேல்தளத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதுவரை விளக்கிவிட்டார். தையல்காரர் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். தையல்காரர் மனைவி அடுத்த அறையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

பாட்டி பச்சைத் தவளை வடிவத்தில் இருந்தது. தினமும் தன் கடையிலிருந்து வந்ததும் கண்ணாடிக்காரர் கைகால் கழுவி, தக்காளியின் டயப்பரைக் கழற்றி, அவளைத் தவளையின் மேல் உட்கார வைத்து, தான் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எப்படி முக்குவது என்று செய்து காட்டுவார். முகம் சிவந்தது அவருக்குத்தான். தக்காளி கைதட்டிச் சிரிப்பாள். ஒரு சொட்டு வராது. எழுப்பி விடலாம் என்று பார்த்தால் அவள் எழுந்திருக்கவும் மாட்டாள், இன்னொரு தடவை செய் என்பாள்.

அம்மாவின் தொழிலை ஒட்டி அவர் ஒரு பாட்டும் கட்டினார்.

"வருது வருது வண்டி வருது,
வழிய விடுங்க வண்டி வருது,
நின்னாச்சு நின்னாச்சு வண்டி நின்னாச்சு,
இறங்குங்க இறங்குங்க ஊரு வந்தாச்சு."

சாயந்திரம் தவறாமல் பாடினார். தொண்டை கட்டியது. வண்டி வரவில்லை. கடையிலும் நினைப்பெல்லாம் அதுவே. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு வில்லையை மாற்றி வைத்துவிட்டு, "தெரியுதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வருதா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

கப்பல் புறப்படும் நாள் நெருங்கி, அவர் நம்பிக்கை தளர்ந்து வாளியில் சரிந்து உட்கார்ந்திருந்த ஒரு சாயந்திரம், தக்காளி அவர் முழங்காலைத் தட்டினாள். "அப்பா, வண்டி வருது." வந்தது. தவளை நிறைந்தது. கண்ணாடிக்காரர் அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு காரியத்தை முடித்தவராகத் தலை நிமிர்ந்து சமையலறைக்குள் நுழைந்தார். அதன்பிறகு தினமும் வந்தது. மனைவி அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, நீங்க இல்லேன்னா முடிஞ்சிருக்காது என்றாள். அதை அவர் அப்படியே நம்பினார்.

கப்பல் ஏறினார்கள். முதல் நாள் எல்லாம் திட்டப்படியே நடந்தது. குளத்தங்கரையில், கழுத்தில் விசில் தொங்க, நெடுநெடுவென்று ஒரு பெண் நின்றிருந்தாள். குளத்துக்கு அவள்தான் காவல். பயணிகள் அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை பழகியதுதானா என்று விசிலம்மா கேட்டபோது, தேர்வில் முதலிடம் வந்த பிள்ளையின் தகப்பன் மாதிரி கண்ணாடிக்காரர் முன்னால் வந்து ஆமாம் என்றார். தாயையும் மகளையும் தண்ணீரில் இறக்கிவிட்டு, மேல்தளத்துக்குப் படியேறினார். பெரியவர்களுக்கு மட்டுமான தளம். பேசக்கூடக் கூடாது. நிழலில் ஒரு சாய்வு நாற்காலி அவருக்காகவே காலியாக இருந்தது. உட்கார்ந்தார். காலை நீட்டினார். கடலைப் பார்த்துக் கண்ணை மூடினார்.

பணியாள் ஒருவர் குனிந்து காதோரமாகச் சொன்னார். "சார், உங்க பாப்பா உங்களைக் கூப்பிடுதாம். ஏதோ வண்டி வருதாம்."

கீழே ஓடினார். தக்காளி கரையில் சிவந்து நின்றிருந்தாள். அம்மாவோடு போக மாட்டாளாம், அப்பாதான் வேண்டுமாம், பாட்டும் வேண்டுமாம். தூக்கிக்கொண்டு போய், கப்பலின் பொதுக் கழிவறையில், கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் கேட்க, வண்டி வருகிறது, வழியை விடுங்கள் என்று பாடினார். வரிசையில் நின்ற ஒருவர் நிஜமாகவே வழி விட்டார்.

திரும்பி மேலே போய்க் காலை நீட்டினால் மறுபடியும் வண்டி. தண்ணீரில் இருக்கிற குழந்தைக்கு அடிக்கடி வருமாம். இறங்குவதும் ஏறுவதுமாக அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் மனைவி மிகவும் கரிசனமாக ஒரு யோசனை சொன்னாள்.

"எதுக்கு இப்படிப் படியேறிச் சாகுறீங்க? இங்க இடுப்பளவுதான் தண்ணி. நீங்களே அவளோட நின்னுட்டீங்கன்னா அலைச்சல் மிச்சம். நான் மேல போய்க் கொஞ்சம் படுத்திருக்கேன்."

குளம் என்றால் ஆழமாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். குழந்தைகளுக்கென்று ஓர் ஓரம் விட்டிருப்பார்கள் என்பது அவர் கணக்கில் இல்லை. மறுத்துப் பேச ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பதும் விதி. நின்றார். மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அவருக்கான நாற்காலியில், அவருக்கான நிழலில், அவள் போய்ப் படுத்தாள்.

மறுநாளும் நின்றார். அதற்கு அடுத்த நாளும் நின்றார். உள்ளங்கை கிழட்டுக் கத்தரிக்காய் மாதிரி சுருங்கிவிட்டது. தையல்காரர் தைத்த கால்சட்டைக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பி, அவரை மேலே தூக்கப் பார்த்தது. கண்ணாடியைத் தண்ணீரில் போட்டால் பூச்சு கெட்டுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தன் கண்ணாடியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கியிருந்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு உலகமே ஈரத்தில் ஊறிய ஓவியம். தக்காளி சிவப்பு நீச்சலுடை போட்டிருந்ததால், பக்கத்தில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குழந்தை ஏதாவது தண்ணீரிலேயே போய்விட்டால், குளத்தைச் சுத்தம் செய்ய மூடிவிடுவார்கள் என்று யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. குளம் மூடினால் தண்ணீரில் நிற்கிற வேலை இல்லை. குழந்தை அம்மாவோடு அறையில் தூங்கும். அவர் மேலே போவார். ஒரு சின்னப் பொய். குழந்தை செய்தது என்றால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

பக்கத்திலிருந்த சிவப்பிடம், இங்கேயே இரு, அப்பா இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டு, தடவித் தடவிப் படிக்கட்டோரம் போய் விசிலம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, மிகவும் சங்கடத்தோடு, மகள் தண்ணீரிலேயே போய்விட்டதாகச் சொன்னார்.

விசிலம்மாவின் முகம் மாறியது. "சின்னதா, பெரிசா?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. என்ன வித்தியாசம் என்று கேட்டார். சின்னது என்றால் மருந்து ஊற்றினால் போதும், கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம். பெரியது என்றால் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், இன்று முழுக்க மூடல்.

இன்று முழுக்க என்ற சொல் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. அடக்கமாகச் சொல்லியிருக்கலாம். அடக்கம் அவருக்கு வரவில்லை.

"பெரிசு," என்றார்.

விசில் வீறிட்டது. எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார்கள். தாத்தாக்கள், தாய்மார்கள், காற்றடைத்த வாத்துகள், பாதி நீச்சலில் இருந்தவர்கள், அப்போதுதான் தைலம் தேய்த்துக்கொண்டு இறங்கியவர்கள் என்று அத்தனை பேரும் ஏறிக் குளத்தைச் சுற்றி வட்டமாக நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். ஆட்கள் நீளக் கைப்பிடி வைத்த வலைகளோடு வந்தார்கள். கண்ணாடிக்காரர் தட்டுத்தடுமாறிக் கரையேறி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

குழந்தை எங்கே என்று விசிலம்மா கேட்டாள். ஒரு விதியை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறதாம். இப்படி நடந்துவிட்டால் அந்தக் குழந்தை பயணம் முடியும்வரை எந்தக் குளத்திலும், சாரல் மேடையிலும்கூட இறங்கக் கூடாது. கடைப் பையனின் ஃபோன் வந்த நேரத்தில் மனைவி வாசித்துக்கொண்டிருந்த விதி இதுதான்.

கண்ணாடிக்காரருக்குத் திக்கென்றது. இது அவர் திட்டத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தார். தண்ணீரில், அவர் விட்டு வந்த இடத்தில், சிவப்புப் பந்து ஒன்று மிதந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அதைத்தான் அவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தக்காளி என்கிட்ட இருக்கா," என்றது பின்னாலிருந்து அந்த ஏறாத இறங்காத குரல். மனைவி துண்டு சுற்றிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தக்காளி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். தலைமுடிகூடக் காய்ந்திருந்தது. "நான் இறங்கி வந்து கூட்டிட்டுப் போய் ரொம்ப நேரமாச்சே. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் தூக்கினேன். தலையாட்டினார்."

காதுக்குள் தண்ணீர் போய், அதை வெளியேற்ற அவர் ஆட்டிய தலை அது.

விசிலம்மா குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குப் பொய் சொல்லிக் குளத்தை மூட வைக்கிறவர்களைக் கப்பலின் தலைவர் சும்மா விடமாட்டார், அடுத்த துறைமுகத்தில் குடும்பத்தோடு இறக்கிவிடுவதுகூட உண்டு என்று நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நடந்தது என்ன என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய் என்று ஒப்புக்கொண்டால் பயணமே போச்சு. குழந்தைதான் என்று சாதித்தால் அதற்கும் வழியில்லை, அவள் காய்ந்துபோய் அம்மாவின் இடுப்பில் இருக்கிறாள். தன்னால் இனித் தண்ணீரில் விளையாட முடியாதோ என்று பாதி புரிந்துகொண்ட தக்காளி, பிஸ்கட்டைத் தின்பதை நிறுத்திவிட்டு, உதட்டைப் பிதுக்கி அவரையே பார்த்தாள். கப்பல் கவிழ்ந்த முகத்தோடு, கவிழாத கப்பலில் அவர் நின்றார்.

மனைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு விசிலம்மாவிடம் திரும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பல வருடமாக நாலு மேடைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"மன்னிச்சுக்கங்க. அது அவருதான். சொல்ல வெக்கப்பட்டுக் குழந்தை மேல போட்டுட்டார்."

வலை வைத்திருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். விசிலம்மா, அப்படியா சார் என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் தக்காளியைப் பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆமாம் என்றார்.

மனைவி கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்றாள். பழக்கதோஷம்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கண்ணாடிக்காரர் கட்டிலில் விழுந்தார். இப்படிப் பேரைக் கெடுத்துவிட்டாயே, வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். வேறு என்ன சொல்லலாம் என்று அவளும் கேட்டாள். தையல்காரரிடம் சொன்ன நாளிலிருந்தே தனக்குத் திட்டம் முழுக்கத் தெரியும் என்று அவள் மகளின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கே வந்து, நிழல் விழும் பக்கம்வரை ஒப்பித்துவிட்டாளாம்.

"தெரிஞ்சுமா என்னைப் பழக்க விட்ட? அத்தனை நாள் நான் தொண்டை கிழியப் பாடினேனே."

"பகல் முழுக்க நீங்க கடையில இருக்கீங்க. அப்பல்லாம் அவளை யார் கூட்டிட்டுப் போறான்னு நினைச்சீங்க?"

அவர் நினைக்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்தார்.

தவளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தக்காளி பழகிவிட்டாளாம். பகலில் விட்டுவிட்டுப் போகிற காப்பகத்தில் ஆயா பழக்கியது. சாயந்திரம் அவர் படியேறும் சத்தம் கேட்டதும் மனைவி ஒரு டயப்பரை மாட்டிவிடுவாளாம். அவர் வருவதற்குள் குழந்தை எல்லாம் முடித்திருக்கும், அதனால்தான் ஆரம்பத்தில் எவ்வளவு பாடியும் வண்டி வரவில்லை. கடைசியில் அவர் வாளியில் சரிந்து கிடந்ததைப் பார்த்துப் பாவமாக இருந்ததாம். ஒரு நாள் கொஞ்சம் காக்க வைத்து அனுப்பினாளாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் வாருவதை நிறுத்தினாள்.

"கடை, கடைன்னு இருக்கிற மனுஷன் தினமும் வந்து அவ எதிர்ல உக்காந்து பாடினீங்க. அவளும் நீங்க எப்ப வருவீங்கன்னு கதவையே பாத்துட்டு இருப்பா. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்? எனக்கும் அந்த நேரத்துல நிம்மதியா ஒரு டீ குடிக்க முடிஞ்சுது."

கப்பலில் அவரையே கூப்பிட்டதும் அவள் சொல்லிக் கொடுத்ததுதானா என்று சந்தேகத்தோடு கேட்டார். அது மட்டும் இல்லை என்றாள். குழந்தைக்கு அந்தப் பாட்டு பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். கண்ணாடிக்காரர், கோபித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஒன்று உறைத்தது. இப்படி நடந்துவிட்டால், குழந்தை என்றாலும் பெரியவர் என்றாலும், அந்த ஆள் பயணம் முடியும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்த ஆள் இப்போது அவர்தான். இறங்கக் கூடாது என்றால் இடுப்பளவுத் தண்ணீரில் இனி நிற்க வேண்டியதில்லை. மனைவிதான் மகளோடு தண்ணீரில் நிற்க வேண்டும். மானம் போனால் என்ன, மேல்தளம் கிடைத்துவிட்டதே. இதை அவள் யோசித்திருக்க மாட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வருத்தமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை குளம் புதுத் தண்ணீரோடு திறந்தது. தாயும் மகளும் இறங்கினார்கள். விசிலம்மா அவரைப் பார்த்து மரியாதையாக ஒரு பக்கம் ஒதுங்கி, மேல்தளப் படிக்கட்டைக் கை காட்டினாள். தக்காளியிடம், வண்டி வந்தால் இன்றைக்கு அம்மாவோடு போக வேண்டும், அம்மாவுக்கும் பாட்டு தெரியும் என்று பேசி வைத்திருந்தார். அவள் யோசித்துவிட்டு, ஒரே ஒரு நாள் என்று சம்மதித்தாள்.

கண்ணாடிக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். அவசரமே இல்லாமல் ஏறினார். மேல்தளத்தில் காற்று இதமாக இருந்தது. நிழலில் அந்தச் சாய்வு நாற்காலி காலியாகவே இருந்தது. அதற்கு இரண்டு பக்கத்திலும் இருந்த நாற்காலிகளும் காலிதான். அதைக்கூட அவர் தன் அதிர்ஷ்டம் என்றுதான் எடுத்துக்கொண்டார். நாற்காலியை நெருங்கி, துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்து, உட்காரப் போனார்.

"ஒரே நிமிஷம் சார்," என்று பணியாள் ஓடி வந்து, கையிலிருந்த ரப்பர் விரிப்பை நாற்காலியின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களைச் செருகி, அவரிடம் மிகவும் பரிவாகச் சொன்னார்: "நீங்க இனி கவலைப்படாமப் படுங்க சார், அம்மா காலையிலேயே ஃபோன் பண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க."